ஒற்றை ஆசிரியர் பள்ளியும் நன்னூல் சொன்ன அரைப் பங்கும்

கீழைத்தேயக் கல்வி அடக்கத்தைக் கற்பிக்கிறது, மேலைத்தேயக் கல்வி கேள்வி கேட்கக் கற்பிக்கிறது என்ற கருத்தை நான் இரண்டு இடங்களில் ஏறக்குறைய ஒரே சொற்களில் கேட்டிருக்கிறேன். முதல் இடம் நம் கல்லூரியின் தமிழ் இலக்கிய மன்றம். வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளைகளில் நடந்த விவாதங்களில், சமூகத்தை மாற்ற வல்லது கிழக்கின் கல்வியா மேற்கின் கல்வியா என்று நாங்கள் இரு அணிகளாகப் பிரிந்து தொண்டை வற்றப் பேசியதைச் சக மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது இடம், பல ஆண்டுகள் கழித்துப் பிரித்தானியாவில் நான் பயின்ற ஆசிரியப் பயிற்சி வகுப்பு. அங்கே கிழக்கைப் புகழ்ந்தவர்களும் அதன் பணிவுக்காகவே புகழ்ந்தார்கள். இந்தப் பிரிவினை இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் நான் கண்ட கல்விக்குப் பொருந்தவில்லை என்பதையும், பொருந்தாத அந்த இடத்தில்தான் நாம் பேச வேண்டிய செய்தி இருக்கிறது என்பதையும் நம் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

நம்மில் பலர் கல்லூரிக்கு வந்தது தோட்டப் பாடசாலைகளிலிருந்துதான். நான் படித்தது தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் கோடியில், கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவை ஒட்டி நின்ற ஒரே அறை. ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே வாத்தியார் ஐயா. மூன்றாம் வகுப்புக்கு அவர் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் வேளையில் மற்ற நான்கு வகுப்புகளும் சும்மா இருக்க முடியாது என்பதால், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, ஓடையிலிருந்து அள்ளி வந்த மணலைப் பலகைத் தட்டில் பரப்பி, விரலைப் பிடித்து எழுத்துச் சொல்லிக்கொடுப்போம். ஆனாவுக்குச் சுழி எங்கே தொடங்குகிறது என்று கீழ் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டிய அன்றுதான் அது எனக்கே தெளிவாக விளங்கியது. பிற்காலத்தில் வகுப்பறையில் நான் செய்த பலவற்றுக்கும் அந்த மணல் தட்டுத்தான் அடிப்படை.

அதற்கு ஓர் இலக்கணம் உண்டு என்பதைக் கல்லூரியில் உயர்தர வகுப்பில் அறிந்தேன். எங்கள் தமிழ் ஆசிரியர் பாடத்திட்டத்துக்கு வெளியே சென்று, பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவரின் நன்னூல் பொதுப்பாயிரத்தை நடத்தினார். "ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூ றல்லது பற்றல னாகும்" என்கிறது அந்நூல். ஆசிரியர் சொல்வதை முழுமையாக மனத்தில் கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகி மற்றொரு காற்பங்கைப் பெறுகிறான். எஞ்சிய இரு கால், அதாவது சரிபாதி, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. ஆசிரியரைத் தெய்வமாக வைத்த மரபு என்று நாம் சொல்லிக்கொள்ளும் அதே மரபு, ஆசிரியரின் பங்கை இவ்வளவு குறைத்து அளந்திருப்பதை அன்றைக்கு நான் வியந்து கேட்டேன். இன்றும் அந்த வியப்பு குறையவில்லை.

ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் நகருக்குச் சென்றிருந்தபோது, 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பெயர்ப் பலகையைக் கண்டு நின்றேன். அந்நகரில் பிறந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் சென்னைக்குச் சென்று, இராணுவ அநாதைச் சிறுவர் இல்லப் பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்றவர். உள்ளூர்ப் பிள்ளைகள் திறந்த வெளிப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் பார்த்தார். தம் பள்ளியின் உதவி ஆசிரியர்கள் அம்முறையைப் பின்பற்ற மறுத்ததும், மூத்த சிறுவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியாக 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. அவர் விட்டுச் சென்ற செல்வத்தில் எழுந்ததே அந்தக் கல்லூரி. இளையவர்களுக்குப் பாடம் சொல்லும் மூத்த மாணவரான நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கடல் கடந்து சென்று, ஆங்கிலப் பெயர் பூண்டு, மேலைநாட்டுக் கல்வி வரலாற்றில் ஓர் அத்தியாயம் ஆகிவிட்டார். எங்கள் தோட்டத்து வாத்தியார் ஐயாவுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. கையில் காசும் உதவிக்கு ஆளும் இல்லாத இடத்தில் அவர் அதே வழியைத் தாமாகக் கண்டடைந்தார்.

ஆகவே கிழக்கே முந்தியது என்று பெருமை பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளலாமா என்றால், அதற்கும் மனம் இடம் கொடுக்கவில்லை. அதே நன்னூல்தான் மாணவனைச் 'சித்திரப் பாவையின் அத்தக அடங்கி' இருக்கச் சொல்கிறது. நம் பாடசாலைகளில் பிரம்போடு நின்றவர்களுக்கு அந்த ஓர் அடி போதுமானதாக இருந்தது. அரைப் பங்கைப் பற்றிய அடிகளை அவர்கள் தேடவில்லை. பெல் பாதிரியாரும் இதற்கு விலக்கல்லர். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்கூடக் கற்பிக்க வேண்டியதில்லை என்ற பொருளில் எழுதியவர் அவர். ஒரே மனிதரிடத்தில் நல்ல கற்பித்தல் முறையும், கற்பவன் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணமும் ஒன்றாகக் குடியிருந்தன.

இலங்கையில் 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே ஒப்படைத்தபோது, பெல்லிடம் இருந்த அதே எண்ணம் நம் மலைகளிலும் ஏறி வந்தது. பத்து வயதுக்குப் பிறகு தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலை காத்திருந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நாடெங்கும் கதவுகளைத் திறந்த பின்னரும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கும் வரை நம் தலைமுறைப் பிள்ளைகள் பலருடைய படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. இது எந்தத் திசையின் தத்துவம் என்று கேட்டால், இலாபத்தின் தத்துவம் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

வாத்தியார் ஐயாவின் கணக்குப் பாடத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பருவத்தில் அவர் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், மாலை நிறுவையில் உங்கள் அம்மா எத்தனை இறாத்தல் கொழுந்து போட்டார் என்று கேட்டுச் சிலேட்டில் எழுதி வரச் சொன்னார். கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள், முழுப் பேர் விழுந்ததா அரைப் பேரா, அதாவது முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா என்பதையும் கேட்டு வரச் சொன்னார். நாள்தோறும் அதைக் கொப்பியில் ஏற்றினோம். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் அந்தக் கொப்பியிலேயே படித்தோம். மாத முடிவில் நாங்கள் கண்ட தொகைக்கும் சம்பளச் சீட்டில் இருந்த தொகைக்கும் சில வீடுகளில் வித்தியாசம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், மகளின் கொப்பியை எடுத்துக்கொண்டு காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய்க் கணக்கப்பிள்ளையிடம் விரித்துக் காட்டினார். அவருடைய கணக்கு அடுத்த மாதம் திருத்தப்பட்டது. வாத்தியார் ஐயாவைத் தோட்டத் துரையின் பங்களாவுக்கு அழைத்துப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. மறுநாளும் சிலேட்டை எடுக்கத்தான் சொன்னார்.

அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜோன் டூயி 1896இல் சிக்காகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தும் நெய்தும் தச்சு வேலை செய்தும் கற்றார்கள் என்றும், காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலை நடுவில் வைத்தது என்றும் நான் படித்தபோது, அந்தக் கொப்பியே நினைவில் வந்தது. ஆயினும் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கொழுந்து பறிக்க அவர் கற்பிக்கவில்லை; கொழுந்தின் கணக்கைக் கேட்கக் கற்பித்தார். தொழிலை மையமாகக் கொண்ட கல்வி மலையகத்தில் எப்போதும் இந்தக் கத்தி முனையில்தான் நடக்கிறது. 1953இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று சொல்லி மக்கள் எதிர்த்ததும், 1954இல் அது கைவிடப்பட்டதும் நாம் அறிந்தவையே. நெசவாளியின் பிள்ளை நெசவைக் கற்பது தன் விருப்பத்தால் நிகழ்ந்தால் அது கல்வி. வேறு கதவு அடைக்கப்பட்டதால் நிகழ்ந்தால் அது தளை. தோட்டப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சியே போதும் என்று இன்றும் நல்லெண்ணத்தோடு பேசுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மனனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலைநாட்டு வகுப்பறையில் மனப்பாடம் இழிந்த சொல்லாகிவிட்டது. மாசி மாதக் குளிரில் விடிய விடியக் காமன் கூத்து ஆடிய நம் பெரியவர்கள், ரதியின் புலம்பல் முழுவதையும் ஏடு பாராமல் பாடினார்கள். தப்புப் பறையின் அடி மாறும்போது பாட்டும் மாறியது. அவர்களைப் படிப்பறிவற்றவர்கள் என்று பதிவேடுகள் சொல்லின. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளரின் துயரங்களையும் உரிமைகளையும் பாடல்களாக எழுதிக் கூட்டங்களில் பாடியபோது, அந்த நினைவாற்றலின் மீதுதான் நம்பிக்கை வைத்தார். துண்டுப் பிரசுரத்தை வாசிக்க முடியாதவர்கள் பாட்டைக் கேட்டு லயத்துக்குக் கொண்டு போனார்கள்.

இங்கேதான் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரே நமக்கு நெருங்கியவராகிறார். 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு, அவர்களுடைய அன்றாட வேலையிலிருந்து எடுத்த சொற்களைக் கொண்டே, சில வாரங்களில் எழுதப் படிக்கக் கற்பித்தவர் அவர். அன்றைய பிரேசிலில் எழுத்தறிவில்லாதவருக்கு வாக்குரிமை இல்லை என்பதால், கற்ற ஒவ்வொருவரும் வாக்களிக்கும் தகுதி பெற்றார்கள். 1964 இராணுவப் புரட்சிக்குப் பின் அவர் சிறை சென்று நாடு கடந்து வாழ நேர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

நம் கதை இதற்கு நேர் எதிரானது. நம் மூத்தோர் வாக்களித்தார்கள். ஆசிரியராக இருந்த சி. வி. வேலுப்பிள்ளையை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் அதைத் தொடர்ந்து போயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் அந்தச் சட்டம் ஒன்றாகவே தள்ளியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அந்த நாடற்றவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, எங்கள் லயத்து விண்ணப்பப் படிவங்களை மண்ணெண்ணெய் விளக்கடியில் நிரப்பியவர் வாத்தியார் ஐயா. என் பெரியப்பாவின் குடும்பத்துக்கு அவர் நிரப்பிய படிவம் அவர்களை நீலகிரிக்குக் கொண்டு சேர்த்தது.

இதனால்தான், மாற்றம் தனிமனிதனின் உள்ளத்தில் தொடங்கிச் சமூகத்துக்குப் பரவும் என்ற நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் முழுமையாக நின்றுவிட முடியவில்லை. 1927இல் மலைநாட்டுக்கும் வந்து பேசிய காந்தியடிகளின் நம்பிக்கை அது. 1958இல் கனத்தொலுவ கிராமத்தில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவரோடு சர்வோதயம் என்ற கிராமத் தொண்டு இயக்கத்தைத் தொடங்கிய ஏ. ரி. ஆரியரத்னவின் நம்பிக்கையும் அதுவே. கூலி பெறாமல் கூடி உழைக்கும் சிரமதானத்தால் லயத்துக்குப் பாதை போடலாம், அப்படிப் போட்ட பாதைகளில் நானும் மண் சுமந்திருக்கிறேன். சட்டம் பறித்த உரிமையை எந்தச் சிரமதானமும் மீட்டுத் தராது. 1988இலும் 2003இலும் வந்த குடியுரிமைச் சட்டங்கள் நெடுங்கால அரசியல், தொழிற்சங்க அழுத்தத்தால் வந்தவை. இந்த ஒரு விடயத்தில் நான் பிரெய்ரேயின் பக்கம் நிற்கிறேன். வகுப்பறைக்குள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், பவணந்தியாரின் பக்கம்.

நம் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் புலமைப்பரிசில்கள் தொடர வேண்டும். அவற்றுடன் ஒரு சிறு பகுதியை வேறு வழியில் செலவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். தமிழ்மொழி மூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்கு மலையகத்தில் நீண்டகாலமாகவே பற்றாக்குறை நிலவுகிறது. நம் கல்லூரியின் உயர்தர மாணவ மாணவியர் வாரத்தில் இரு மாலைகள் தத்தம் தோட்டத்துச் சமூக மண்டபத்தில் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க, அவர்களுடைய பஸ் செலவையும் கற்பித்தல் பொருள்களையும் மாலைத் தேநீரையும் சங்கம் ஏற்கலாம். நிதி வாங்கும் பிள்ளை கையேந்தி நிற்காமல், கற்பிப்பவராக நிற்பார். அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய அரைப் பங்கும் அதன் வழியே சேரும். அதிபரும் தோட்ட நிர்வாகங்களும் இசைந்தால் அடுத்த தவணையிலேயே இரண்டு தோட்டங்களில் தொடங்கலாம். வரும் பொதுக்கூட்டத்தில் இதை முறைப்படி முன்மொழிய இருக்கிறேன். மலையகத்தில் இன்று ஆசிரியப் பணியில் உள்ள உறுப்பினர்கள் தங்கள் கருத்துகளை முன்னதாகவே செயலாளருக்கு எழுதி அனுப்பினால், அவற்றுக்கேற்பத் திட்டத்தைத் திருத்திக்கொண்டு கூட்டத்துக்கு வருவேன்.