கீழே பார்க்காதே என்று சொல்லாதீர்கள்

உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்வது ஒரே அறிவுரைதான்: "கீழே பார்க்காதே." சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். தடுப்புச்சுவர் இல்லாத மாடியில், ஏணியின் ஏழாவது படியில், தொங்குபாலத்தின் நடுவில் என்று நான் உறைந்து நின்ற இடத்தில் எல்லாம் யாராவது ஒருவர் அன்போடு அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறைகூட அது எனக்குக் கைகொடுத்ததில்லை. போன மாதம் ஒரு செங்குத்தான பாறைமலையின் உச்சிவரை ஏறி இறங்கினேன். அந்த அறிவுரை ஏன் பலிக்கவில்லை என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது.

எனக்கு வருவதை வெறும் பயம் என்று சொல்லிவிட முடியாது. முதலில் உள்ளங்கால் கூசும். அப்புறம் முழங்காலுக்குப் பின்னால் ஒரு தளர்ச்சி. அதற்கடுத்து, நிற்கிற தரையே விளிம்புப் பக்கமாகச் சரிவது போலவும், யாரோ இடுப்பைப் பிடித்து மெதுவாக இழுப்பது போலவும் இருக்கும். பலர் இதை வெர்டிகோ என்கிறார்கள். வெர்டிகோ என்பது பெரும்பாலும் உட்காதுக் கோளாறால் வரும் தலைசுற்றல். அது படுக்கையில் புரண்டு படுத்தாலும் வரும். என்னுடையது உயர அச்சம். அது முற்றிப்போன நிலையைத்தான் மருத்துவர்கள் அக்ரோஃபோபியா என்பார்கள். ஜெர்மனியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 28 சதவீதம் பேர் உயரத்தில் இப்படி ஏதோ ஒரு தடுமாற்றத்தை வாழ்க்கையில் அனுபவித்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தனிமை கொஞ்சம் குறைந்தது.

என் தம்பி பல வருடமாக மலையேறுகிறவன். ஒருநாளும் என்னை "வா" என்று வற்புறுத்தியதில்லை. நானாகத்தான் கேட்டேன்.

"அடுத்த தடவை நானும் வரேன்டா."

கொஞ்ச நேரம் பேசாமல் என் முகத்தையே பார்த்தான். "சரிக்கா. ஆனா மூணு மாசம் நான் சொல்றபடி செய்யணும்."

அந்த மூன்று மாதமும் வார இறுதிகளில் பாறைகள்தான். முதலில் இடுப்பளவு உயரம், பிறகு ஆளுயரம், பிறகு இரண்டு ஆள் உயரம். ஏறி நின்றால் உடனே இறங்கக் கூடாது, நெஞ்சு படபடப்பு அடங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவன் போட்ட விதி. பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு மனப்பாடம் செய்துகொள்ளுமாம். அடங்கும்வரை இருந்துவிட்டால் அதற்கு வேறொரு பாடம் கிடைக்கும். இது புதிய யுக்தி ஒன்றும் இல்லை. 1770இல் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சட்டம் படிக்கப் போன இளைஞர், பின்னாளில் ஜெர்மன் மொழியின் பெருங்கவிஞரான கோத்தேவுக்கும் உயரம் ஆகாது. அவர் அங்கிருந்த பேராலயக் கோபுரத்தின் உச்சிக்குத் தனியாக ஏறி, கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்துவிட்டு, ஒரு முழம் அகலமே இருந்த திறந்த மேடையில் போய் நிற்பாராம். அந்தக் கோபுரத்தின் உயரம் 142 மீட்டர். பயம் ஒரு பொருட்டே இல்லை என்று ஆகும்வரை திரும்பத் திரும்ப அதையே செய்திருக்கிறார். எனக்குக் கோத்தே அளவுக்குப் பிடிவாதம் கிடையாது. ஆனால் அந்தக் கால் மணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்று நன்றாகத் தெரியும்.

மலைக்கு மூன்று பேராகப் போனோம்: நான், தம்பி, அவனோடு எப்போதும் மலையேறும் ஒரு தோழி. அவள் அதிகம் பேசமாட்டாள். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். கிளம்பும் முன் தம்பி இரண்டு விஷயம் சொன்னான். பதினொரு மணிக்கு எங்கே இருந்தாலும் அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். நான் எந்த இடத்தில் போதும் என்றாலும் எல்லோரும் திரும்பிவிடுவோம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இரண்டாவதைக் கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. திரும்பிப் போக வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் என்னால் முன்னால் போக முடியும்.

முதல் இரண்டு மணி நேரம் எனக்குப் பயமே இல்லை. உருண்டைக் கற்கள் மேல் நடை, அப்புறம் இரண்டு பாறைகளுக்கு நடுவே கையையும் காலையும் ஊன்றி ஏறும் ஓர் இடுக்கு, பிறகு ஒடுங்கிய முகடு. விளக்கு வெளிச்சம் என் முன்னால் ஒரு பாய் அளவுக்குத்தான் விழுந்தது. அந்த வட்டத்துக்குள் ஒரு கல், அடுத்த கல், முன்னால் போகிறவளின் குதிகால். அவ்வளவுதான் என் உலகம். இடது கையைத் தூக்கி நெற்றி வியர்வையைத் துடைத்தது நினைவிருக்கிறது. சுற்றிலும் என்ன இருந்தது என்று தெரிந்திருந்தால் அந்தக் கையைப் பாறையிலிருந்து எடுத்தே இருக்க மாட்டேன்.

விடிந்தது. வெளிச்சம் ஒரேயடியாக வரவில்லை. முதலில் வானம் சாம்பல் நிறமானது. பிறகு எனக்கு இடப்பக்கம் கருப்பாக, கெட்டியாக, தரை மாதிரி இருந்த இருட்டு மெல்ல மெல்லக் கரைந்து உள்வாங்கிக்கொண்டே போனது. அடியில் எங்கோ மரங்கள் புல் மாதிரித் தெரிந்தன. நான் நடந்துகொண்டிருந்த முகட்டின் அகலம் ஒரு கட்டில் அளவுதான். இருட்டில் இதன் மேல்தான் நடந்து வந்திருக்கிறேன்.

உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கால், முழங்கால், அப்புறம் அந்த இழுப்பு, எல்லாம் வரிசையாக வந்தன. கண்ணை மூடினேன். இன்னும் மோசமானது. தூரத்து மலையைப் பார்த்தேன், அப்போதும் ஆடியது. கீழே பார்க்காமல் நேராகத்தான் பார்த்தேன், இருந்தும் ஆடியது.

தம்பி பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா, தூரத்துல பார்க்காத. உன் கைக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்."

பார்த்தேன். சொரசொரப்பான சாம்பல் நிறப் பாறை. அதன் குறுக்கே சுண்டுவிரல் தடிமனில் ஒரு வெள்ளைக் குவார்ட்ஸ் கோடு. அதன் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் பாறைப்பாசி காய்ந்து விளிம்பு சுருண்டிருந்தது. ஒரு நிமிடம் அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் நின்றுவிட்டது.

இதற்கான காரணத்தை வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உட்காது, பாதமும் தசையும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதுகூட உடம்பு முன்னும் பின்னும் மிகச் சிறிய அளவில் ஆடிக்கொண்டேதான் இருக்கும். பக்கத்தில் ஒரு சுவரோ மரமோ இருந்தால், உடம்பு ஒரு நூல் அசைந்தாலும் அதன் பிம்பம் கண்ணில் நகரும். மூளை உடனே திருத்திவிடும். உயரமான விளிம்பில் நிற்கும்போது கண்ணுக்கு நேராக இருப்பவை எல்லாம் வெகுதூரத்தில் இருக்கும். உடம்பு ஆடினாலும் பிம்பம் நகர்வதில்லை. காதும் காலும் "ஆடுகிறாய்" என்கின்றன, கண் "இல்லையே" என்கிறது. மூளை குழம்புகிறது, ஆட்டம் நிஜமாகவே கூடுகிறது. என் இடுப்பைப் பிடித்து இழுத்ததாக இத்தனை வருடம் நான் நினைத்தது இதைத்தான். கண்ணுக்குப் பக்கத்தில் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை, அதுதான் விஷயம். "கீழே பார்க்காதே" என்று சொல்லும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பார்வை தானாகத் தூரத்துக்குப் போகிறது, அங்கேயும் பிடிமானம் கிடையாது.

முகட்டின் முடிவில்தான் அன்றைய கடினமான இடம். சுமார் 12 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்த ஒரே பாறை. தோழி முதலில் ஏறிப் போய் மேலே கயிற்றைக் கட்டினாள். என் இடுப்புப் பட்டையில் தம்பி முடிச்சைப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னான்.

பாதித் தூரத்தில் என் வலது கால் படபடவென்று ஆட ஆரம்பித்தது. விரல் நுனியில் நின்றிருந்தேன். ஆடுசதை இறுகி, தையல் மெஷின் ஊசி மாதிரிக் கால் மேலும் கீழும் துடித்தது. மலையேறுகிறவர்கள் இதற்குத் தையல் மெஷின் கால் என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம்.

"குதிகாலைக் கீழ இறக்குக்கா" என்று தம்பி கத்தினான். இறக்கினேன். துடிப்பு நின்றது. எனக்கு நம்பவே முடியவில்லை. பயத்தால் வந்தது என்று நினைத்த ஒன்று, குதிகாலை ஓர் அங்குலம் இறக்கியதும் போய்விட்டது.

பயம் அங்கே எனக்கு இன்னொரு தவறான யோசனையும் சொன்னது: பாறையோடு ஒட்டிக்கொள். வயிற்றையும் கன்னத்தையும் கல்லில் அழுத்திக்கொண்டு பல்லி மாதிரிக் கிடக்கத்தான் உடம்பு துடித்தது. அப்படி ஒட்டினால் எடை காலுக்கு நேராக இறங்காது. பாதம் கல்லை வெளிப்பக்கமாகத் தள்ள ஆரம்பிக்கும், ஷூ வழுக்கும். இடுப்பைப் பாறையிலிருந்து விலக்கி, எடை முழுவதும் பாதத்தில் விழும்படி நிமிர்ந்தால்தான் ரப்பர் கல்லைக் கவ்வும். மூன்று மாதமாகக் கீழே பழகியதுதான். அங்கே, அந்த உயரத்தில், இடுப்பை ஒரு சாண் பின்னால் எடுப்பதற்கு எனக்கு எத்தனை மூச்சு தேவைப்பட்டது என்று சொல்ல முடியாது. எடுத்தேன். கால் நின்றது. அடுத்த கால் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தடம் தெரிந்தது. யாரோ ஒருவருடைய ஷூ ரப்பர் தேய்ந்து படிந்திருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் அங்கே கால் வைத்து நின்றிருக்கிறார். நானும் அங்கேயே வைத்தேன்.

உச்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்பதே கால் மணி. இரண்டு பேர் நிற்கலாம் என்கிற அளவில் ஒரு மொட்டைப் பாறை, அதைச் சுற்றிக் கொஞ்சம் தட்டையான இடம். மற்ற இருவரும் பாறை மேல் ஏறி நின்றார்கள். நான் ஏறவில்லை. அதன் அடியில் உட்கார்ந்து, கையை மட்டும் மேலே வைத்தேன். வெயிலில் கல் அப்போதே சூடேறியிருந்தது. காற்று காதை அடைத்தது. இருபது நிமிடம் அப்படியே இருந்தேன். அழுகையும் வந்தது, அதை யாரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

நான் உண்மையில் பயந்தது இறக்கத்துக்குத்தான். ஏறும்போது கண்முன்னால் பாறை இருக்கும். இறங்கும்போது கால் வைக்கும் இடத்தைத் தேடக் கீழேதான் பார்த்தாக வேண்டும். அந்தப் பழைய அறிவுரை அங்கே ஒன்றுக்கும் உதவாது.

சாய்ந்த பாறையின் தலைப்பில் தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தோழி முதலில் இறங்கி அடியில் நின்றாள். நான் பாறையைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தேன். இரண்டு கை, இரண்டு கால், இந்த நான்கில் மூன்று எப்போதும் கல்லில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நகர்த்த வேண்டும்.

"இடது காலை இன்னும் ஒரு சாண் கீழே விடுங்க அக்கா" என்றாள் அவள்.

இரண்டு அடி அவள் சொன்னபடியே இறங்கினேன். மூன்றாவது அடிக்கு முன்னால், "சொல்லாத, நானே பார்க்கிறேன்" என்றேன்.

தலையைத் திருப்பி, தோளுக்கு மேலாக, என் ஷூவைப் பார்த்தேன். ஷூவுக்கு அந்தப்பக்கம் வெறும் காற்றும், அதற்கும் அடியில் புல் மாதிரியான மரங்களும் இருந்தன. அவை இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஷூவையும் அதைச் சுற்றி ஒரு முழம் கல்லையும் மட்டும் பார்த்தேன். அங்கே ஒரு சின்னத் திட்டு. விரல் முனை வைக்கலாம். வைத்தேன், குதிகாலை இறக்கினேன், எடையைக் கொடுத்தேன். அடுத்தது ஒரு வெடிப்பு. அதற்கடுத்தது அந்தக் கறுப்புத் தடம். அதைத் தெரிந்தவர் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன். உள்ளங்கால் கூச்சம் போகவில்லை, கூடவே இறங்கி வந்தது. ஏறுவதற்குப் பத்து நிமிடம் எடுத்த இடத்தை இறங்க அரை மணி நேரம் ஆனது. மேலிருந்தும் கீழிருந்தும் யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த பிடியைத் தேடி வலது காலைத் துழாவிக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் மட்டும் வெளியே இருக்க, மற்ற விரல்கள் எல்லாம் ஒரு வெடிப்புக்குள் செருகியிருந்தன.

"அக்கா" என்று பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். "தரை வந்தாச்சு. ரெண்டு காலும் தரையிலதான் இருக்கு."

குனிந்து பார்த்தேன். இருந்தது. விரல்களை வெடிப்பிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.