மேற்குச் சுவருக்கு ஒரு போர்வை

தில்லி ஜனக்புரியில் எங்கள் மாடி அறையின் மேற்குப் பக்கம் மர நிழல் கூடக் கிடையாது. 9 அங்குலச் செங்கல் சுவர், பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில்தான் கக்கும். 2024 மே 29 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. அன்று இரவு பத்து மணிக்கு உட்சுவரில் கை வைத்த அம்மா, "இட்லிப் பானை மூடி மாதிரி இருக்கிறதே" என்றாள். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சுவரைப் புதுப்பிக்க வந்த வடிவமைப்பாளர் ராஜஸ்தானின் தோல்பூர் மணற்கல் பதிக்கச் சொன்னார். தில்லியில் பணம் சேர்ந்த வீடுகளின் முகம் அது. அழகுதான், ஆனால் சூட்டைத் தடுக்காது. வெளியே வெப்பத்தடுப்பு வைத்து அதன்மேல் பலகை போர்த்தலாமே என்றேன். "அதெல்லாம் குளிர் நாட்டுக்கு. வெள்ளை அடியுங்கள், போதும்" என்றார். இன்னொருவர் லண்டனில் தீப்பற்றி எரிந்த கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத்தைச் சொல்லிப் பயமுறுத்தினார்.

அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. 2017 ஜூனில் அங்கே 72 பேர் இறந்தார்கள். பாலிஎத்திலீன் வைத்த அலுமினியத் தகடுகள்தான் தீயை மேலே ஏற்றின. பின்னால் இருந்த நுரைப் பலகையும் எரியக்கூடியதே. மலிவாகக் கிடைத்த தெர்மகோலை அன்றே கைவிட்டேன். பாறையை உருக்கி நூலாக இழுத்துச் செய்யும் ராக்வூல் எரியாது. 50 மில்லிமீட்டர் வைத்தாலே சுவர் வழியே வரும் சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதன்மேல் ஃபைபர் சிமெண்ட் பலகை என்று முடிவு செய்தேன்.

முதலாமவரிடமே திரும்பிப் போனேன். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட, வீடுகளுக்கான ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதாவைக் காட்டினேன். கூரை நீங்கலாக வெளிப்புறம் வழியே வரும் வெப்பத்துக்கு அது சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பு வைக்கிறது. மனிதர் அசரவில்லை. பேசப் பேசத்தான் புரிந்தது, அவருக்குக் கணக்கில் சந்தேகமே இல்லை. கைபழகாத வேலை, நாளை நீர் புகுந்தால் பழி யார் தலையில் விழும் என்பதுதான் கவலை. "வீடு முழுவதும் வேண்டாம், இந்த ஒரு சுவர் மட்டும். பொறுப்பு என்னுடையது, எழுதித் தருகிறேன்" என்றதும் பென்சிலை எடுத்தார்.

அதன் பிறகு அவர் வேறு ஆள். சுவர் தடிக்கும்போது ஜன்னலின் பழைய படிக்கல் உள்ளே போய்விடும், மழைநீர் நேராக ராக்வூலுக்குள் இறங்கும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். துத்தநாகம் பூசிய தகட்டை வெளிப்பக்கம் சரித்து வைத்து, நீர் சுவரில் வழியாமல் சொட்டும்படி நுனியை மடித்தோம். பலகைக்குப் பின்னால் ஓர் அங்குல இடைவெளி. கீழே காற்று நுழையத் திறப்பு. எலி நுழையாமல் வலை. ராக்வூல் அறுத்த மேஸ்திரி இரண்டு நாள் சொறிந்துகொண்டே இருந்தார். கையுறையும் முகக்கவசமும் முதலிலேயே வாங்கிக் கொடுக்காதது என் தவறு.

இப்போது இரவில் சுவர் சுடுவதில்லை. ஜன்னல் வழியே வரும் வெயிலுக்குத் தனியாக மூங்கில் தட்டி போட வேண்டியிருந்தது. போன வாரம் அம்மா துணிக்கொடிக்கு ஆணி கேட்டாள். கண்ட இடத்தில் அடித்தால் பலகை விரிசல் விடும். வரைபடத்தை விரித்து, பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறி போட்டுக் கொடுத்தேன்.