ஹெல்மெட்டும் தேங்காய் எண்ணெயும் என் பருக்களும்

பள்ளிக் காலத்தில் ஒன்றிரண்டு வந்து போனதோடு சரி என்று நினைத்திருந்த பருக்கள், 26 வயதில், வேளச்சேரியிலிருந்து அம்பத்தூருக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வரத் தொடங்கிய சில மாதங்களில் திரும்பி வந்தன. நெற்றியில் முடி தொடங்கும் இடத்தை ஒட்டிப் பொடிப்பொடியாகவும், தாடையில் ஹெல்மெட் வார் உரசும் இடத்தில் தொட்டாலே வலிக்கும் சீழ்க்கட்டிகளாகவும் அவை கிளம்பின.

அழுக்குதான் காரணம் என்று முடிவுகட்டி, நாளைக்கு ஐந்தாறு முறை குளியல் சோப்பால் முகம் கழுவினேன். எலுமிச்சைச் சாறு, பற்பசை எல்லாம் தடவிப் பார்த்து எரிச்சலைத்தான் சம்பாதித்தேன். பிறகு ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்த கிரீமைப் பூசியதும் ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட, இரண்டு மாதம் விடாமல் பூசினேன். நிறுத்திய நான்காம் நாள், முகமெங்கும் சிவந்து, பருக்கள் முன்னைவிட அதிகமாக வெடித்தன.

தோல் மருத்துவர் அந்த டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் ஸ்டீராய்டு இருப்பதைக் காட்டினார்; அது வீக்கத்தையும் சிவப்பையும் தற்காலிகமாக அடக்கிவைத்து, நிறுத்தியதும் பருக்களைக் கிளப்பிவிடுமாம். "தலைக்கு எண்ணெய் எப்போ வைக்கிறீங்க?" என்று அவர் கேட்டபோது, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துச் சீவி, அதன் மேல் ஹெல்மெட்டை மாட்டுவது என் வழக்கம். தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசையும் இறந்த செல்களும் சேர்ந்து முடிக்கால்களின் வாயை அடைக்கும்போதுதான் உள்ளே கிருமி பெருகிப் பரு வீங்குகிறது என்றும், தலையிலிருந்து வழியும் எண்ணெயும் வியர்வையும் ஹெல்மெட்டின் உரசலும் அந்த அடைப்பைக் கூட்டுகின்றன என்றும் அவர் விளக்கினார். சோப்பு வேறு தோலை வறட்டி எரிச்சலை வளர்த்திருக்கிறது.

முதல் சில வாரங்கள், மென்மையான ஃபேஸ் வாஷ் காலை, இரவு மட்டும், எண்ணெய்ப்பசை இல்லாத மாய்ச்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், கூடவே ஒரு மாத்திரை என்று நிறுத்திக்கொண்டார். தோல் அடங்கிய பிறகுதான் காலையில் கிருமியைக் கொல்லும் 2.5% பென்சாயில் பெராக்சைடும், இரவில் முடிக்கால்கள் அடைபடாமல் தடுக்கும் 0.1% அடாபலீன் ஜெல்லும் வந்தன. அடாபலீனைப் பரு மேல் மட்டும் வைக்காமல், முகத்தின் ஈரம் நன்றாகக் காய்ந்த பின், ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லப் பரப்ப வேண்டும். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மூன்றாம் வாரத்தில் மூக்கோரம் உரிந்து, புதிதாக நாலைந்து பருக்களும் எட்டிப்பார்த்தபோது ஜெல்லைத் தூக்கி எறியத் தோன்றியது. குறைந்தது 12 வாரம் பொறுக்கச் சொல்லி முன்பே எச்சரித்திருந்ததால்தான் தாக்குப்பிடித்தேன். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுத்துவிடும் என்பதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை; அம்மாவின் கருநீலத் துண்டில் என் கன்ன அளவுக்கு ஆரஞ்சுத் திட்டு விழுந்தபின், எனக்கென்று வெள்ளைத் துண்டு வந்தது.

எண்ணெய் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும், தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு. ஹெல்மெட்டின் உட்பஞ்சைக் கழற்றி முதன்முறை நனைத்தபோது வாளித் தண்ணீர் தேநீர் டிகாஷன் நிறத்துக்கு வந்தது. அருவருப்பில் அன்றே அதை வாராந்திர வேலையாக்கிவிட்டேன். உள்ளே பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொள்கிறேன். அலுவலகம் சேர்ந்ததும் வெறும் தண்ணீரில் முகம் கழுவுகிறேன். தலையணை உறையை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பயத்தமாவு தேய்த்துக் குளிக்கச் சொல்லி அம்மா இன்னமும் விடுவதில்லை. வீங்கிய பருவின் மேல் மாவை அழுத்தித் தேய்த்தால் அது புண்ணாகும் என்று சொல்லி, கைகால்களுக்கு மட்டும் தேய்த்துக்கொள்கிறேன்.

நான்காவது மாதத்தில் நெற்றி தெளிந்தது. தாடையில், பொறுமையிழந்து நகத்தால் கிள்ளிய இரண்டு இடங்களில் மட்டும் கருமை நிற்கிறது. வெயில் பட்டால் அது இன்னும் அழுத்தமாகும் என்பதால் சன்ஸ்கிரீனை விடுவதில்லை. பரு இல்லாவிட்டாலும் அடாபலீனைத் தொடரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கருத்தரிக்க நினைக்கும் காலத்தில் அதை நிறுத்த வேண்டும் என்பதால், அப்போது முன்கூட்டியே வந்து பார்க்கும்படி சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.