வாடைக் காற்றில் நயினை அம்பாளிடம்

மார்கழியில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான நயினாதீவுக்குப் போகிறோம் என்றதுமே பெரியம்மா தடுத்தார். "வங்காள விரிகுடாவில தாழமுக்கமாம். தை பிறக்கட்டும், போங்கோ." அவர் சொன்னதில் பிழையில்லை. வடக்கில் வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் கொட்டும். ஆனால் இது தங்கையின் குழந்தைக்காக வைத்த நேர்த்தி. கரு தங்காமல் போன வருடங்களில் அம்மா அந்தத் தீவின் நாகபூசணி அம்மனிடம்தான் அழுதார். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் கழிந்த பிறகு, "வெள்ளி நாகத்தை அவளின்ர சந்நிதியில குடுத்தால்தான் எனக்கு நித்திரை வரும்" என்று ஒரே பிடியாக நின்றார். பச்சைக் குழந்தையை இந்தக் காற்றில் கொண்டுபோக வேண்டாம் என்பதில் மட்டும் வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சு. அம்மாவும் நானும் புறப்பட்டோம்.

பாதையில் வெள்ளம் என்று ரயில் ஓடவில்லை. வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் பஸ்ஸில் வந்தோம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். பரந்தன் பக்கம் வயலும் வீதியோரமும் ஒன்றாகிக் கிடந்தன. பஸ் ஊர்ந்து ஊர்ந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, படகுத்துறையான குறிகட்டுவானுக்குப் போகப் பிடிக்க நினைத்த பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததற்குக் காத்திருந்து ஏறினோம்.

யாழ்ப்பாண நகரின் ஓரத்தில் இருக்கும் பண்ணையைத் தாண்டினால் இருபக்கமும் கடல். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, அப்புறம் வாணர் தாம்போதி. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் அந்தத் தாம்போதியில் போகும்போது கடல் பஸ்ஸின் சக்கர மட்டத்தில் இருப்பதாகவே தெரியும். அன்றைக்கு வாடைக் காற்று அலையின் தூறலை வாரி யன்னலில் அடித்தது. கண்ணாடியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தேன், உப்பு. புங்குடுதீவின் மேற்கு ஓரத்தில் குறிகட்டுவான். அதற்கு மேல் வீதி இல்லை, படகுதான்.

படகும் இல்லை என்றார்கள். "காத்து கொஞ்சம் அடங்கட்டும் அம்மா. இருங்கோ" என்றார் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த படகுக்காரர்.

இறங்குதுறையில் இருந்தவர்களில் எங்களைப் போல கும்பிட வந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் வீட்டுக்குப் போகக் காத்திருந்த தீவுக்காரர்கள். யாழ்ப்பாணத்தில் கிளினிக் காட்டிவிட்டு மருந்துப் பையோடு ஒரு கர்ப்பிணிப் பெண். அரிசி மூடைகளுக்கு மேல் தறப்பாளை இழுத்து மூடிக்கொண்டிருந்த ஒரு கடைக்காரர். தீவுப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர், மடியிலேயே கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். அம்மா அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் பக்கத்தில் போய் இருந்து, "எத்தினை மாதம் பிள்ளை?" என்று தொடங்கினார். கொண்டுவந்த இடியப்பப் பார்சலில் பாதி அவளுக்குப் போனது. நமக்கு எப்போதாவது வரும் தவிப்பு இவர்களுக்கு வாடை தொடங்கிவிட்டால் அன்றாடம். காற்று அடங்கிப் படகு வந்ததும் யாத்திரைக்காரர்கள் முண்டியடித்து ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்; மனதுக்கு ஒப்பாத காரியம் அது. அம்பாளின் ஊர்க்காரர்கள் முதலில் ஏறட்டும்.

பின்னேரம் நெருங்கும்போது படகு விட்டார்கள். உள்ளே கீழ்த்தட்டில் இருந்தோம். டீசல் மணம், இயந்திரத்தின் அதிர்வு, உயிர்காப்பு அங்கியின் ஈரம். கிட்டத்தட்ட இருபது நிமிடப் பயணம்தான், ஆனால் ஒவ்வொரு அலைக்கும் படகு ஏறி விழுந்தது. அம்மா வெள்ளி நாகம் இருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்பாள் நாமத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் நினைத்தது அந்தப் பழைய கதையை. புளியந்தீவிலிருந்து பூவைக் கவ்விக்கொண்டு அம்பாளைக் கும்பிட இதே கடலில்தான் நாகம் நீந்தி வந்ததாம். நடுவில் கருடன் மறித்தது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் பூசைக்குப் போகும் நாகத்தை விட்டுவிடும்படி கருடனிடம் மன்றாடினான். அம்பாளுக்குக் கோயில் கட்டினால் விடுவேன் என்றது கருடன். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இரண்டு கற்களை இன்றும் காட்டுவார்கள். ஒரு பூவை அம்பாளிடம் சேர்க்க அந்த நாகம் பட்ட பாட்டை, அலையில் ஆடும்போதுதான் முழுதாக உணர்ந்தேன்.

துறையில் கால் வைத்தால் எதிரே கோபுரம். மழையில் கழுவி நிறமெல்லாம் பளிச்சென்று இருந்தது. இந்தக் கோயிலை 1620இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள்; 1788இல் மீண்டும் எழுந்தது. 1958இலும் 1986இலும் திரும்பத் தாக்கப்பட்டது. அறுபத்து நான்கு சக்தி பீடங்களில் ஒன்று, தேவியின் சிலம்பு விழுந்த இடம் என்பது பரம்பரை நம்பிக்கை.

கூட்டமே இல்லை. ஆனித் திருவிழாவின் 16 நாட்களிலும் தலைகளுக்கு மேலால் எட்டிப் பார்த்த சந்நிதியில், அன்றைக்கு நேரே போய் நின்றோம். ஐயர் வெள்ளி நாகத்தைத் தட்டில் வாங்கி, குழந்தையின் பெயரும் நட்சத்திரமும் கேட்டு அர்ச்சனை செய்தார். தீபம் உயர்ந்தபோது நாகப் படத்தின் கீழ் அம்பாளின் முகம் துலங்கியது. அம்மா அழவில்லை. "வந்திட்டன் தாயே" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

கோயில் வளவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு, பார்க்காமல் வராதீர்கள். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளை, அதாவது வெளிநாட்டவரை, காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கப்பல் உடைவதற்கென்றே சட்டம் எழுதவேண்டியிருந்த கடலைத்தான் கடந்து வந்திருக்கிறோம் என்று எண்ணியபோது, காலையிலிருந்து பட்ட சலிப்பெல்லாம் சின்னதாகிவிட்டது.

அமுதசுரபி அன்னதான மடத்தில், நேரம் பிந்தி வந்தும், இருந்த சோற்றையும் பருப்பையும் பூசணிக்காய்க் கறியையும் சூடாக்கிப் போட்டார்கள். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று இங்குள்ளவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். பரிமாறிய அக்கா, "வடிவாச் சாப்பிடுங்கோ, கடலில வந்த பசி" என்று இன்னொரு அகப்பை வைத்தார்.

கடைசிப் படகைக் காற்றுக்குப் பயந்து முந்தியே எடுக்கப்போவதாகச் செய்தி வந்ததால், தீவிலுள்ள பௌத்த நாகவிகாரைப் பக்கம் போகவில்லை. மழைக்காலத்தில் போகிறவர்கள் காலையிலேயே குறிகட்டுவானில் நில்லுங்கள். தீவில் இறங்கும்போதே கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு வையுங்கள். சாப்பாட்டுப் பார்சலில் கூட ஒன்று இருக்கட்டும். குழந்தைகளோடு என்றால் பங்குனி, சித்திரை நல்லது, வாடையும், தென்மேற்கிலிருந்து வீசும் சோழகமும் இல்லாமல் கடல் ஆறியிருக்கும். எங்கள் வீட்டுச் சின்னவளையும் அப்போதுதான் கூட்டிப்போக இருக்கிறோம்.