கோட் வந்த தேதியால் கையை விட்டுப் போன ஒரு டெர்ம்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு, குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனதிலிருந்தே வாரம் 30 மணி நேர நர்சரிச் செலவை அரசு ஏற்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. அதற்கு அரசிடம் ஆன்லைனில் விண்ணப்பித்து, 'கோட்' (code) என்ற ஓர் எண்ணை வாங்கி நர்சரியில் கொடுக்க வேண்டும். எங்கள் மகளுக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு டெர்ம் (ஜனவரி, ஏப்ரல், செப்டம்பரில் தொடங்கும் பருவம்) முழுக்கக் கைக்காசைக் கொட்டிய பிறகுதான் கிடைத்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

அவளுக்கு நவம்பரில் ஒன்பது மாதம் முடிந்தது. ஜனவரியில் நர்சரியில் விடுவதாகத் திட்டம். "கோட் இப்போதே வேண்டுமா?" என்று நர்சரி அலுவலகத்தில் கேட்டோம். "சேரும்போது கொண்டுவந்தால் போதும்" என்றார்கள். அதை நம்பி ஜனவரி முதல் வாரத்தில் ஆன்லைனில் விண்ணப்பித்தோம். 11 இலக்கக் கோட் உடனே வந்துவிட்டது.

அதே அலுவலகத்தில் அதைக் கொடுத்தால், கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார் அந்தப் பெண். கோட் செல்லுபடியாகத் தொடங்கும் தேதி ஜனவரியில் இருந்தது. டெர்ம் தொடங்கும் முன்பே, அதாவது டிசம்பர் 31-க்குள் வாங்கியிருந்தால்தான் ஜனவரிக்கு எடுபடுமாம். இனி ஏப்ரலில்தான் என்றார். "நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

நர்சரி என்ன சொன்னாலும் இந்த மூன்று தேதிகளைத்தான் நம்ப வேண்டும்: ஜனவரிக்கு டிசம்பர் 31, ஏப்ரலுக்கு மார்ச் 31, செப்டம்பருக்கு ஆகஸ்ட் 31. கடைசி நாள்வரை காத்திருக்கவும் கூடாது. கூடுதல் ஆவணம் கேட்டுவிட்டால் தேதி தாண்டிவிடும்.

அந்த மூன்று மாதமும் கொஞ்சம் கைகொடுத்தது டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் கணக்குதான். நாம் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும். மூன்று மாதத்துக்கு 500 பவுண்டு வரை. இதற்கும் அதே விண்ணப்பம்தான்.

ஏப்ரலில் கோட் சிக்கலில்லாமல் ஏறியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் நுழைந்து விவரங்களை மறுபடி உறுதி செய்ய வேண்டும். அதற்கு ஃபோனில் ஒரு ரிமைண்டர் போட்டுவிடுங்கள்.

அப்புறம் பில் வந்தது. 30 மணி நேரம் என்பது ஆண்டுக்கு 38 வாரத்துக்குத்தான். வருடம் முழுக்கப் பிரித்தால் வாரம் கிட்டத்தட்ட 22 மணி நேரம். அது தெரிந்ததுதான். ஆனால் நாள்தோறும் 'இதர செலவு' என்று ஒரு தொகை, கட்டாயமாம். விடவில்லை. சாப்பாடு, டயப்பர், சன் கிரீம் போன்றவற்றுக்குப் பணம் கேட்கலாம், ஆனால் அதைக் கட்டினால்தான் இடம் என்று சொல்லக் கூடாது. அரசு வழிகாட்டுதலில் தெளிவாகவே இருக்கிறது. அந்தப் பகுதியை எடுத்துப் போட்டு நர்சரிக்கு மெயில் அனுப்பி, கவுன்சிலின் (உள்ளாட்சி) குழந்தைகள் பிரிவுக்கும் நகல் வைத்தோம். அடுத்த பில் இனம் இனமாகப் பிரிந்து வந்தது. இப்போது டயப்பரும் மதியச் சாப்பாடும் எங்கள் வீட்டிலிருந்தே போகின்றன.

பெற்றோர் இருவருமே ஸ்கில்டு ஒர்க்கர் விசா மாதிரி பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவிகள்) பெற அனுமதி இல்லாத விசாவில் இருந்தால் இந்த 30 மணி நேரம் கிடைக்காது. ஆனால் மூன்று வயது முடிந்த அடுத்த டெர்மிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் 15 மணி நேரம் உண்டு. விசாவும் சம்பளமும் தடையில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை 'உங்கள் விசாவுக்கு வராது' என்று ஒரு நர்சரி திருப்பி அனுப்பிவிட்டது. கவுன்சிலுக்கு ஒரு ஃபோன் போட்ட பிறகு இடம் கொடுத்தார்கள். இந்த 15 மணி நேரத்துக்குக் கோட் எதுவும் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ எடுத்துக்கொண்டு நேரே போய்க் கேளுங்கள்.