கொட்டைப்பாக்கும் ஒன்றரை மில்லியும்

கும்பகோணத்துப் பக்கம் பல் வைத்தியம் பார்ப்பவன், சீவல் போடுகிறவரா, கொட்டைப்பாக்கைக் கடவாயில் வைத்து உடைக்கிறவரா என்று கேட்காமல் பல்லை மூடும் கேப் போடக் கூடாது. நான் ஒரு தடவை கேட்கவில்லை.

எழுபதைத் தாண்டிய அம்மா. கீழ்க் கடவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் முடிந்திருந்தது. "சிமெண்ட் வெச்சு அடைச்சிடுங்க தம்பி, போதும்" என்றார். போதாது. உள்ளே குடைந்த பல் சுவர் மெலிந்து நிற்கும். மேலே மூடாவிட்டால் ஒரு நாள் பிளந்துகொள்ளும். சென்னையிலிருந்து வந்திருந்த மகள், "வெள்ளையாவே போட்டுடுங்க சார்" என்றார். லித்தியம் டைசிலிகேட் பீங்கானில் போட்டேன். அதன் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அழுத்தம், 400 மெகாபாஸ்கலை ஒட்டி வரும். அந்த எண்ணை நம்பினேன்.

மாட்டியபோது கேப் தூக்கலாக இருந்தது. கடி படும் இடத்தைக் காட்டும் நீலத் தாளைக் கடிக்கச் சொன்னால் நடுவில் ஒரே இடத்தில் அழுத்தமாகப் புள்ளி. பாக்கு மென்று மென்று தேய்ந்த வாய், மேலே இடமே இல்லை. பல்லை இன்னும் கொஞ்சம் குறைத்து, புது அளவெடுத்திருக்க வேண்டும். கேப்பையே தேய்த்துவிட்டேன். "இப்ப சரியா இருக்கு தம்பி" என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு துண்டுகளை மேஜையில் வைத்தார்.

"கரும்பு கடிச்சீங்களாம்மா?"

"கரும்ப யாரு கடிச்சா? பாக்குதான்."

துண்டைத் தடிமன் அளக்கும் கேலிப்பரில் பிடித்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மில்லிகூட இல்லை. அந்த 400 என்பது சின்னப் பட்டையை மெஷினில் வளைத்து ஒரே தடவையில் உடைத்த கணக்கு. வாயில் கேப்பின் மேல் கடி விழ விழ அடிப்பக்கம் இழுபடும். பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. எச்சில் ஈரம் வேறு விரிசலின் முனைக்குப் போய் அதை மெல்ல வளர்க்கும். தடிமன் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் தாங்கும் சுமை பாதிக்கும் கீழே போய்விடும். திடமான கடவாய் அழுத்திக் கடித்தால் 500, 600 நியூட்டன். ஏறக்குறைய ஒரு மூட்டை நெல்லின் எடை. அது முழுக்க ஒரு பாக்கு முனையில்!

அடுத்து மெட்டல் கேப் போட்டேன், காசு வாங்கவில்லை. உலோகத்துக்கு அந்த இடமே தாராளம். மெலிந்தாலும் நசுங்குமே தவிர இப்படிப் பிளக்காது. பாக்கை விடுங்கள், வாயில் புற்று வரும் என்றும் சொன்னேன். எப்போதும் சொல்வதுதான், எப்போதும் போல் தலையாட்டினார்.

"விட முடியலன்னா வெட்டியாச்சும் போடுங்கம்மா. வீட்டுல பாக்குவெட்டி இல்லையா?"

கண்ணாடியில் புதுக் கேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் இப்ப வாயிலயே வெச்சுட்டீங்களே தம்பி" என்றார்.