மலாயா பேரு வெச்ச கல்லைப் பாக்கப் போனேன்

நேத்து ராத்திரிதான் தாப்பாவுலருந்து திரும்பினேன், செருப்புல ஒட்டின செம்மண்ணு இன்னும் காயல. செலவுக் கணக்கு கடைசியில போடறேன்.

தேடிப் போனது மலாயாயைட். நம்ம நாட்டோட பழைய பேரையே வெச்ச கல்லு, பேராக், பத்தாங் பாடாங் மாவட்டத்து ஈய லோம்போங் (வெள்ளீயச் சுரங்கம்) பக்கம் கெடைச்சது, 1960-கள்ல பேரு வெச்சாங்க. (நகைக்கடையில மலாயா கார்னெட்னு விக்கறது வேற, அது ஆப்பிரிக்காக் கல்லு, நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.)

தாப்பா ரோடு ஸ்டேஷன்ல எறங்கினதுமே கொள்ளை. சென்டிரியாங் போக 60 வெள்ளின்னாரு (ரிங்கிட்) வாடகைக் காடிக்காரரு, பேரம் பேசி 45-க்கு ஏறினேன், பாதி வழியில நிறுத்தி ரோடு மோசம் இன்னும் 10 குடுன்றாரு, ரெண்டு பக்கமும் செம்பனைக் காடு, எறங்கி எங்க போறது, குடுத்தேன். ரொம்ப அநியாயம்.

கூட்டாளியோட பெரியப்பா வீடு தோட்டத்து ஓரத்துல. பெரியம்மா போட்ட ஆட்டுப் பிரட்டலும் ரசமும் சாப்பிட்டதுல காடிக்காரரையே மறந்துட்டேன். பெரியப்பா சின்ன வயசுல பாலாங்ல (ஈய மண்ணக் கழுவிப் பிரிக்கற பெரிய மரத் தொட்டி) வேலை பாத்தவரு, 1985-ல ஈய விலை விழுந்து லோம்போங் மூடினதும் கித்தா (ரப்பர்) மரம் சீவப் போயிட்டாரு, ஆனா பொறுக்கின கல்லையெல்லாம் மைலோ டின்ல பத்திரமா வெச்சிருக்காரு.

ஒண்ண எடுத்து உள்ளங்கையில வெச்சாரு. மங்கின மஞ்சள், சுண்டைக்காய் அளவுதான், ஆனா அந்த அளவுக்கு நல்ல கனம். கால்சியம், வெள்ளீயம், சிலிக்கா மூணும் சேர்ந்தது, எடையில 44 சதவீதம் வெள்ளீயமே. அவ்ளோ இருந்தும் லோம்போங்காரங்களுக்குப் பிடிக்காதாம், சிலிக்காவோட கட்டுண்டு கெடக்கறதால ஈயத்தப் பிரிச்செடுக்கறது கஷ்டம். கடினமும் மோஸ் அளவுல (வைரம் 10) 4-க்குள்ளதான், கத்தி பட்டாலே கீறும், அதான் மோதிரத்துக்கு ஆகாது, சேகரிக்கறவங்களுக்காக எப்பவாவது பட்டை தீட்டறதோட சரி. ஆனா குரோமியம் கலந்து செயற்கையா செஞ்சா ரோஸ் கலரு வரும், டைல்ஸுக்கும் பீங்கானுக்கும் அந்தச் சாயம்தான் போடறாங்க!

இந்தக் கல்லு புற ஊதா (UV) லைட்டுல ஒளிரும்னு, நான் ஆன்லைன்ல 39 வெள்ளிக்கு வாங்கின லைட்ட அடிச்சேன். ஒண்ணுமே இல்ல. அப்படியே மனசு விட்டுப்போச்சு.

"இது 365 நானோமீட்டர் அலைநீளம்பா, இந்தக் கல்லுக்கு 254 வேணும்"னாரு பெரியப்பா.

மகன் வாங்கிக் குடுத்த பழைய லைட்ட எடுத்தாரு, கண்ணு கெட்டுடும்னு எனக்குக் கண்ணாடி மாட்டிவிட்டாரு, பெரியம்மா ஜன்னல்ல கைலியத் தொங்கவிட்டாங்க. லைட்டு பட்டதும் கல்லு எரியுது! வாழைக்குருத்துப் பச்சையில மஞ்சள் கலந்த வெளிச்சம். பக்கத்துல ஒண்ணு நீலமா மினுங்குச்சு, அது ஷீலைட், டங்ஸ்டன் தாது. ஈயக்கல்லு (சாதாரண வெள்ளீயத் தாது) மட்டும் கருப்பாவே கெடந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இந்த மண்ணு பேரு உலகம் பூரா மியூசியத்துல இருக்கு, தாப்பாவுல நான் கேட்ட நாலு பேருக்கும் தெரியல.

திரும்பறப்ப பெரியப்பா மோட்டார்லயே ஸ்டேஷன்ல விட்டுட்டாரு. ரயில் டிக்கெட் போக காடிக்கு 55, தே தாரிக்குக்கு 2. 254 லைட்டு விலை இப்பதான் பாத்தேன், அடுத்த சம்பளம் வரட்டும்.